அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள்

மகளைக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



நகையை அடகு வைத்தோ, பி.எஃப். பணத்தில் கை வைத்தோ பயிற்சிக் கட்டணம் கட்டியவர்கள் நீங்கள். அண்ணா நகரில் விடுதி தேடி அலைந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மகளை விட்டுவிட்டுப் போனவர்கள். “இன்னுமா படிச்சுக்கிட்டிருக்கா?” என்று ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் நீங்கள்தான். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்தோடு சேர்த்து அவளிடம் நீங்கள் கொடுத்தனுப்பும் ஒரு நிபந்தனையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

“ரெண்டு வருஷம் டைம். பாஸ் பண்ணினா நல்லது. இல்லேன்னா நாங்க காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும்.”

கட்டுரைத் தாள் திருத்துவதும், நேர்முகத்துக்குப் பழக்குவதும் என் வேலை. இந்த வாக்கியத்தைப் பல ஊர்ப் பேச்சுவழக்கில் கேட்டுவிட்டேன். கோவில்பட்டிப் பெண்ணும் சொல்கிறாள், கோபிசெட்டிபாளையத்துப் பெண்ணும் சொல்கிறாள். அப்பா கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் வீட்டிலும் உண்டு, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டிலும் உண்டு. கெடு ஓராண்டு முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். அதே வீட்டுத் தம்பி நாலாவது முறை எழுதிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கெடு கிடையாது.

ஒரு காலத்தில் இந்திய அரசே இப்படியொரு நிபந்தனையை எழுத்தில் கொடுத்தது. அதை வாங்கியவர் நம் சென்னை மாகாணத்தில்தான் வேலை பார்த்தார். உங்கள் மகளின் பொது அறிவுக் குறிப்பேட்டில் அவர் பெயர் ஒற்றை வரியாக இருக்கும்: முதல் பெண் ஐஏஎஸ் அதிகாரி, அன்னா ராஜம் மல்ஹோத்ரா. தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். உங்களுக்கு அவரை இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

திருவிதாங்கூரில் நிரணம் என்ற ஊரில் பிறந்தவர் அன்னா ராஜம் ஜார்ஜ். வளர்ந்தது கோழிக்கோட்டில். அன்றைய கோழிக்கோடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் அது கேரளத்துக்குப் போனது. ஆகவே பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்க அவர் சென்னைக்கு வந்தது, சொந்த மாகாணத்தின் தலைநகருக்கு வந்ததுதான். பிறகு அவர் சென்னை மாகாணத்தையே பணிக்குக் கேட்டதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வெள்ளையர் காலத்து ஐசிஎஸ் பணியில் பெண்கள் கிடையாது. நாடு விடுதலையான பிறகு, 1948இல்தான் இந்தியப் பெண்கள் இந்த உயர் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்றே ஆனது. கதவு திறந்த உடனேயே நுழைந்தவர் குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா. விராஜ்பேட்டையில் பிறந்து, ஒன்பது வயதில் தகப்பனை இழந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த அவர், 1949இல் நாட்டின் முதல் பெண் வெளியுறவுப் பணி அதிகாரி ஆனார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அவர் போட்ட வழக்கு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் வெளியுறவுப் பணி வேறு, ஆட்சிப் பணி வேறு. தாலுகாவில் உட்கார்ந்து நிலவரி வசூலிப்பதும், கலவரம் என்றால் போலீஸோடு போய் நிற்பதும் பெண்ணால் ஆகிற காரியமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர் அன்னா ராஜம்.

அந்த நேர்முக அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரே யூபிஎஸ்சி தலைவர் ஆர்.என். பானர்ஜி. அவரோடு ஐசிஎஸ் அதிகாரிகள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் மாவட்டங்களை ஆண்டவர்கள். இந்தப் பக்கம் இருபதுகளில் இருக்கும் ஓர் இலக்கிய மாணவி. அவருடைய மதிப்பெண்ணில் அவர்களுக்குக் குறை தெரியவில்லை. வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ எடுத்துக்கொள், பெண்களுக்கு அவைதான் பொருத்தம் என்று எடுத்துச் சொன்னார்கள். அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த அக்கறையின் குரல் உங்களுக்கும் பழக்கம்: “டீச்சர் வேலைக்குப் போம்மா, பேங்க் எக்ஸாம் எழுதும்மா, பொம்பளைப் பிள்ளைக்கு அதுதான் சரி.” அன்னா ராஜம் அந்த அறையிலேயே தன் பக்கத்தை வாதாடினார். ஆட்சிப் பணியே வேண்டும் என்றார், சென்னை மாகாணம் வேண்டும் என்றார். 1951இல் இரண்டும் கிடைத்தன.

கூடவே அந்த நிபந்தனையும் வந்தது. திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அதே ஆண்டில் அவரோடு தேர்வானவர்களில் ஆர்.என். மல்ஹோத்ராவும் ஒருவர். அவர் போன்ற ஆண்களுக்கு இந்த வரி பொருந்தாது. அவர்கள் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெண்ணுக்கு மட்டும்தான் இதுவா அதுவா என்ற கேள்வி. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு தாண்டியிருந்தது. அரசு வேலையில் பாலினத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று அதன் 16ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தபோதே, அரசின் உத்தரவு இப்படி இருந்தது.

அன்னா ராஜம் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையில் சேர்ந்தார்.

சென்னையில் அடுத்த தடை. 1952 ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சர் ஆகிறார். பெண்கள் ஆட்சிப் பணிக்கு வருவதில், அதுவும் மாவட்டத்துக்குப் போவதில், அவருக்கு உடன்பாடு இல்லை. கோட்டையில் தலைமைச் செயலகத்திலேயே ஒரு பதவியில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. மேசை, மின்விசிறி, கோப்புகள், பத்திரமான வேலை. அன்னா ராஜம் மறுத்தார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், மாஜிஸ்திரேட் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முறை என்று உடன் சேர்ந்த ஆண்களுக்குக் கொடுத்த அத்தனை பயிற்சியும் தனக்கும் கொடுக்கப்பட்டது, அவர்களுக்குத் தான் எதில் குறைச்சல் என்பது அவர் வாதம். கடைசியில் சார் ஆட்சியராக மாவட்டத்துக்கே அனுப்பினார்கள். அனுப்பிய இடம் ஓசூர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அதன் பக்கத்துக் கிராமம். எந்த முதலமைச்சர் பெண்ணை மாவட்டத்துக்கு அனுப்பத் தயங்கினாரோ, அவருடைய சொந்த ஊரின் நிலவரிக் கணக்கும் சட்டம் ஒழுங்கும் அந்தப் பெண்ணின் பொறுப்பில் வந்தன. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

ஓசூர் என்றால் இன்று உங்களுக்கு டைட்டனும் டிவிஎஸ்ஸும் நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் அது ராகி விளையும் மேட்டு நிலம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் கிராமங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் காடு. ராகி முற்றுகிற காலத்தில் அந்தக் காடுகளிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்கும், இன்றைக்கும் இறங்குகின்றன. ஒரு நாள் ஆறு யானைகள் ஊருக்குள் புகுந்துவிட்டதாக சார் ஆட்சியருக்குத் தகவல் வருகிறது. சுட்டுவிடலாம் என்பதுதான் அன்று சுலபமான வழி. துப்பாக்கிப் பயிற்சியும் அவருக்கு இருந்தது. சுடக் கூடாது என்று முடிவெடுத்தார் அன்னா ராஜம். ஆறு யானைகளையும் மெல்ல மெல்ல வழிப்படுத்திக் காட்டுக்குள் திருப்பி அனுப்பினார்கள். தன் நினைவுகளைக் கேட்டவர்களிடம் பல ஆண்டு கழித்தும் அவர் சொன்ன நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்று இதைவிடச் சின்னது. குதிரையில் ஒரு கிராமத்துக்குப் போகிறார். பெண் அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் அங்குள்ள பெண்கள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒரு கிழவி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவளும் நம்மளை மாதிரிதான் இருக்கிறாள் என்று சொல்கிறாள். அன்னா ராஜத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அதிகாரம் பண்ணுகிற பெண் என்றால் ஏதோ வேறு மாதிரி இருப்பாள் என்று அந்தக் கிழவி நினைத்திருக்கிறாள் என்பது பிறகுதான் பிடிபட்டது. ஜமாபந்தி நடத்துவதும் பட்டா வழக்கு விசாரிப்பதும் அந்தக் கிழவியின் கண்ணில் பட்டிருக்காது. தன்னைப் போல ஒருத்தி குதிரையில் வந்து இறங்கியது பட்டது.

ராஜாஜியைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்னா ராஜத்தின் வேலையைப் பார்த்த பிறகு அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். திருச்சிராப்பள்ளியில் ஒரு பொதுக்கூட்டத்தில், முன்னேறும் பெண்களுக்கு எடுத்துக்காட்டு என்று அன்னா ராஜத்தைப் பாராட்டிப் பேசினார். பெரியவர்கள் கருத்தை மாற்றிக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராஜாஜிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகான ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அன்னா ராஜம் ஏழு முதலமைச்சர்களின் கீழ் வேலை பார்த்தார். மத்திய அரசுக்குப் போனார். உணவு உற்பத்தியைப் பார்வையிட இந்திரா காந்தி எட்டு மாநிலங்களுக்குப் போனபோது, கணுக்கால் எலும்பு முறிந்த நிலையிலும் கூடப் போனார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிப் பணிகளில் ராஜீவ் காந்தியோடு இருந்தார். மும்பைக்கு எதிர்க்கரையில் நவசேவா துறைமுகத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஜவாஹர்லால் நேரு துறைமுகம் என்று இன்று அழைக்கப்படும் அது, நாட்டின் கன்டெய்னர் போக்குவரத்தில் முதல் வரிசையில் நிற்கும் துறைமுகம். 1989இல் துறைமுகமும் திறந்தது, அவருக்குப் பத்மபூஷணும் வந்தது. அதே பேட்ச் ஆர்.என். மல்ஹோத்ராவைத்தான் அவர் மணந்தார். கணவர் 1985 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். கல்யாணத்தால் மனைவியின் வேலையும் கெடவில்லை, கணவரின் வேலையும் கெடவில்லை. அன்னா ராஜம் 2018 செப்டம்பர் 17 அன்று மும்பையில் காலமானார்.

அப்படியானால் அந்த நியமன உத்தரவின் நிபந்தனை என்ன ஆனது?

ஒரேயடியாகப் போய்விடவில்லை. கல்யாணம் என்றால் வேலை போகும் என்பது சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனால் 1954ஆம் ஆண்டின் ஐஏஎஸ் விதிகளில் வேறு வடிவில் உட்கார்ந்துகொண்டது. மணமான பெண்ணுக்குப் பணி நியமனம் உரிமையாகாது, சேர்ந்தபின் மணம் புரிந்தால் பணித்திறன் கருதி விலகச் சொல்லலாம் என்றது அந்த விதி. எழுபதுகளில்தான் அது நீங்கியது. வெளியுறவுப் பணியில் இன்னும் மோசம். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன்பு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமானாலும் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம்.

இங்கேதான் முத்தம்மா திரும்ப வருகிறார். மணந்தால் விலகுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் அவரும் வேலையில் சேர்ந்திருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸில் தொடங்கி, ஹங்கேரியில் தூதராகி, முப்பது ஆண்டு வேலை பார்த்த பிறகு, உயர் பதவிக்குத் தகுதியில்லை என்று அவரை ஒதுக்கினார்கள். பெண் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்குப் போட்ட பிறகு பதவி உயர்வு தானாக வந்தது. ஆனாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1979 செப்டம்பர் 17 அன்று கொடுத்த தீர்ப்பில் அந்த விதிகளை விட்டுவைக்கவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடையூறு என்றால் ஆணின் வேலைக்கும் இடையூறுதானே, ஆணுக்கு மட்டும் ஏன் இந்த விதி இல்லை என்று கேட்டார். பணி விதிகள் முழுவதையும் ஆராய்ந்து பாலினப் பாகுபாட்டின் கறையைத் துடைக்கச் சொன்னார். தனக்குக் கல்யாணம் ஆகாத, ஓய்வு பெற மூன்றே ஆண்டு மீதமிருந்த ஒரு பெண், பின்னால் வரப்போகிறவர்களுக்காகக் கொண்டுபோன வழக்கு அது. முத்தம்மாவுக்கு இந்த நாடு நன்றி சொன்னது போதாது என்பது என் எண்ணம்.

இன்றைய நிலை என்ன தெரியுமா? ஐஏஎஸ் அதிகாரி இன்னொரு அகில இந்தியப் பணி அதிகாரியை மணந்தால், அந்தத் திருமணத்தைக் காரணம் காட்டியே வேறு மாநிலப் பிரிவுக்கு மாறுதல் கேட்கலாம். மகப்பேறு விடுப்பு 180 நாள். குழந்தை வளர்ப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள் வரை. கல்யாணம் செய்தால் வெளியே போ என்று எழுதிய அரசு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நிபந்தனை இப்போது மிச்சமிருப்பது வீடுகளில்தான்.

நீங்கள் கொடுக்கும் இரண்டு ஆண்டுக் கெடுவைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முதல்நிலைத் தேர்வுக்கு இரண்டு தாள். முதன்மைத் தேர்வுக்கு ஒன்பது தாள். பிறகு 275 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். விண்ணப்பம் போடுவதிலிருந்து இறுதிப் பட்டியல் வரை ஒரு சுற்றுக்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது. பாடத்திட்டத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கவே முதல் ஆண்டு போய்விடும். ஆக, இரண்டு ஆண்டு என்று நீங்கள் தாராளமாகக் கொடுப்பதாக நினைப்பது உண்மையில் ஒரே ஒரு அட்டெம்ப்ட். அதுவும் கெடுவின் பயத்தில் எழுதும் அட்டெம்ப்ட். அரசு கொடுப்பது எவ்வளவு? பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு முறை. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 வயது வரை ஒன்பது முறை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வயது வரை எத்தனை முறையும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

ஒரு மாணவி தன் விடுதி அறைச் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தாள். இந்த வாரம் அரசியலமைப்பு, அடுத்த வாரம் பொருளாதாரம், திருப்புதலுக்கு இத்தனை நாள் என்று பச்சை மையில் வரிசையாக. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘தை’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்னம்மா இது என்றேன். “அன்னிக்கு வீட்டுக்குப் போயிடணும் மேடம். அத்தை பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்காங்க” என்றாள். அவள் நன்றாக எழுதுகிறவள். உள்ளாட்சி நிதி பற்றி அவள் எழுதிய விடையை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டியிருக்கிறேன். முதன்மைத் தேர்வில் சில மதிப்பெண்ணில் போனது. அந்தத் தையில் ஊருக்குப் போனவள் திரும்ப வரவில்லை. இன்னொரு முறை எழுதியிருந்தால் நிச்சயம் வந்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன், இந்தத் தேர்வில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்குச் சட்டப்படி இன்னும் ஏழு முறை மீதமிருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் பயங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. வயது ஏறினால் வரன் குறையும், படிப்பும் ஏறி வேலையும் அமையாவிட்டால் இரண்டும் கெட்டு நிற்பாள், தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகும், நமக்கும் வயதாகிறது. இதில் எதுவும் கற்பனை இல்லை. எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, தேறாவிட்டால் மாற்று என்ன என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள், பேசத்தான் வேண்டும். குரூப் 1, வங்கி, ஆசிரியர் பணி என்று பக்கத்தில் வேறு வழி வைத்துக்கொள்வதும் நல்லதுதான். பணம்தான் தடை என்றால், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து முதல்நிலைப் பயிற்சிக்கு மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். சென்னையில் அரசின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் தேர்வில் தோற்றால் தண்டனை கல்யாணம் என்று வைக்காதீர்கள். அது படிப்பையும் கெடுக்கிறது, கல்யாணத்தையும் கெடுக்கிறது. தோல்விக்கான தண்டனையாகக் கிடைத்தவனோடு எந்தப் பெண் சந்தோஷமாகக் குடும்பம் நடத்துவாள்?

அந்தக் கெடுவை அவளுக்கு நாங்கள் வைக்கவில்லை, அவளே ஒப்புக்கொண்டாள் என்று சிலர் சொல்கிறீர்கள். அன்னா ராஜமும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்தான். முத்தம்மாவும் எழுதிக் கொடுத்தவர்தான். படிக்க வேறு வழி இல்லாதவள் எதற்கும் சரி என்பாள். அந்தச் ‘சரி’யை வைத்து அவளைக் கட்டிப்போடுவது நியாயம் ஆகாது.

அன்னா ராஜம் வேலை பார்த்த அதே பழைய சேலம் மாவட்டப் பகுதியில், தருமபுரியில் பிறந்த ஜி. திலகவதி 1976இல் தமிழ்நாட்டின் முதல் பெண் ஐபிஎஸ் அதிகாரி ஆனார். அதற்குப் பிறகு தமிழகத் தலைமைச் செயலாளர் நாற்காலியிலேயே பெண்கள் பலர் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வரிசையில் உங்கள் மகள் வருவாளா, எனக்குத் தெரியாது. நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் வரலாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்ட பிறகு, “எத்தனை தடவை எழுதணும்னு நீ நினைக்கிற?” என்று கேளுங்கள். அவள் யோசித்து ஓர் எண் சொல்வாள். அதை ஒப்புக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை அவளாக எடுக்கும் வரை நீங்கள் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்களின் விடைத்தாள்களைத் திருத்தும் ஓர் ஆசிரியை